ஜெபத்தில் நான் எழுதிய மூன்றாம் வரி

வெள்ளவத்தை,
டிசெம்பர் 9, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் மிதுனாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குப் பெரிய குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் நீ சுகமாக இல்லை என்பதும் அதற்குக் காரணம் நான் என்பதும் தெரிந்துகொண்டு அந்த வரியை எழுத மனம் வரவில்லை, உன் சுகத்தை அறியக் காத்திருக்கிறேன் என்பதோடு நிறுத்துகிறேன். போனில் நீ என்னோடு கதைப்பதில்லை, வட்ஸ்அப்பில் எதையும் எழுதும் துணிவு எனக்கு இனி இல்லை, ஆகவே கடிதம். உறை வாங்கக் கீழே ஸமீமின் கடைக்குப் போனேன். "என்ன சேர், இந்தக் காலத்தில யாரு கடிதம் எழுதுற? லவ் லெட்டரா? மெடத்துக்குத் தெரியுமா?" என்று பகிடி விட்டார், கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மகளுக்கு என்று சொன்னதும் அவருடைய முகம் மாறிவிட்டது. ஒன்றும் கேட்காமல் நல்ல தடித்த உறையாகப் பார்த்து எடுத்துத் தந்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மற்றப்படி இங்கே மழை விட்டபாடில்லை, போன மாதக் கடைசியில் கொலன்னாவைப் பக்கமெல்லாம் வெள்ளம், எங்கள் தொடர்மாடியில் லிப்ட் பழுதாகி இரண்டு கிழமை, அம்மாவின் முழங்கால் வீக்கத்தோடு நான்கு மாடி ஏறுவது கஷ்டம் என்பதால் அவள் ஞாயிறு ஆராதனைக்குக்கூடப் போகவில்லை. அது லிப்டால் மட்டும் அல்ல என்பதும் எனக்குத் தெரியும். ஆட்களின் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

மகள், நான் ஜெபம் எழுதிய அந்தத் துண்டை றோஸி வீட்டுப் பாட்டுப் புத்தகத்துக்குள் மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்று உனக்குச் சொன்னேன். அம்மாவுக்கும் அப்படித்தான் சொன்னேன், கேட்ட எல்லாருக்கும் அப்படித்தான் சொன்னேன். அது உண்மை அல்ல. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து ஒழுங்காக எழுதுகிறேன், பொறுத்துக்கொள், ஒழுங்காக எழுதாவிட்டால் எனக்குக் கூச்சமான இடத்தை நான் தாண்டிப் போய்விடுவேன்.

ஓகஸ்ட் கடைசி ஞாயிறு நீ போன் எடுத்தாய். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, ரிப்போட் வந்திட்டுது, குறை என்னில இல்லையாம், அவரிலதானாம். அவர் மூண்டு நாளா ஒண்டும் கதைக்கிறார் இல்லை. நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை எண்டு முடிவெடுத்திருக்கிறம், அம்மாவுக்கும் சொல்லாதேங்கோ. உங்களுக்கு ஏன் சொல்லுறன் எண்டால் நீங்கள் திருப்பிக் கேள்வி கேக்க மாட்டீங்கள்" என்று சொன்னாய். ஓம் பிள்ளை என்றேன். பத்து நாள் அதை என் மனதுக்குள்ளே வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியின் மருத்துவப் பதிவுப் பகுதியில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவன் நான். எத்தனையோ பேருடைய வியாதி என் கையால் கோவைக்குள் போனது, ஒரு தாளாவது வெளியே போனதில்லை, சொந்த மைத்துனன் வந்து கேட்டபோதும் காட்டவில்லை. அந்தப் பெருமை எனக்கு இருந்தது. அதனால்தானோ என்னவோ இந்தப் பிழை எனக்கு நேர்ந்தது.

செப்ரெம்பர் பத்தாம் தேதி புதன்கிழமை ஜெபக்கூட்டம், எங்கள் ஜெபக் குழுவுக்குப் பொறுப்பான றோஸி வீட்டில். உனக்குத் தெரியும், கதிரைகளை வட்டமாகப் போட்டு, ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். எனக்கு அது சின்ன வயதிலிருந்தே பயம். பக்கத்துக் கதிரைக்காரர் ஆமென் சொல்ல முன்பே சொல்ல இருந்ததெல்லாம் எனக்கு மறந்து போகும். அதனால்தான் முதல் நாளே ஒரு துண்டில் எழுதி, இலக்கமிட்டு, பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்து வாசிப்பேன். "கடவுளுக்கு அப்ளிகேசன் போடுற ஆள்" என்று அம்மா இருபது வருடமாகப் பகிடி பண்ணுவாள். அந்த முறை நான்கு வரி எழுதியிருந்தேன். முதலாவது உங்கள் இருவரின் பெயரும் வினிபெக் என்ற ஊரும். இரண்டாவது, கலியாணம் முடிந்து ஆறு வருடம், பிள்ளைப் பாக்கியத்துக்குக் காத்திருக்கிறார்கள். மூன்றாவது, பரிசோதனை அறிக்கையின்படி குறை மகளிடம் இல்லை, மருமகனிடம். நான்காவது, கர்த்தருக்குச் சித்தமானால் வழி திறக்கட்டும். எழுதும்போது மூன்றாவது வரியை வாசிக்கக் கூடாது, எனக்கு நினைவுக்காக மட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தேன் என்றுதான் இன்று வரைக்கும் நம்ப விரும்புகிறேன்.

எனக்கு முந்திய கதிரையில் றோஸி. அவள் எப்போதும் போல உருக்கமாகத் தொடங்கினாள். "ஆண்டவரே, எங்கட மிதுனா பிள்ளையின்ர கர்ப்பத்தைத் திறந்தருளும், அந்தப் பிள்ளையில ஏதும் குறை, ஏதும் அறியாப் பாவம் இருந்தால் மன்னியும் அப்பா" என்றாள். சுற்றியிருந்தவர்கள் "ஆமென், ஆமென்" என்றார்கள், யாரோ ஒருவர் பெருமூச்சும் விட்டார். ஆறு வருடமாக ஒவ்வொரு புதன்கிழமையும் இதைக் கேட்டிருக்கிறேன், ஆமென் சொல்லியும் இருக்கிறேன். அன்றைக்கு என் காது சுட்டது. நீ உன் புருஷனுக்காக இந்தப் பேச்சையெல்லாம் வாய் திறக்காமல் சுமந்துகொண்டிருக்கிறாய் என்பது அந்த வட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். என் முறை வந்தது. முதல் வரி வாசித்தேன், இரண்டாம் வரி வாசித்தேன், மூன்றாவதில் கண் நின்றது. நான்காவதையும் வாசிக்காமல் ஆமென் என்று முடித்தேன். கூட்டம் முடிந்து தேத்தண்ணீர் குடித்து, செருப்பைப் போட்டுக்கொண்டு லிப்டடிக்கு வந்தபோது துண்டு புத்தகத்துக்குள் இருப்பது எனக்கு நினைவு வந்தது. இதைத்தான் மகள் நான் மறைத்தேன். நினைவு வந்தது. றோஸி வீட்டுக் கதவு இன்னும் சாத்தவில்லை, பத்தடிதான். றோஸி புத்தகங்களை அடுக்கும்போது ஒவ்வொன்றையும் விரித்து உதறுவாள் என்பதும் தெரியும். நான் லிப்டுக்குள் ஏறினேன். தெரியட்டுமே, ஒருவருக்காவது தெரியட்டுமே என் பிள்ளையில் குறை இல்லை என்று, இவ்வளவுதான் அந்த நேரம் என் மனதில் இருந்தது. கதவு மூடிய பிறகு பயம் பிடித்தது. பயம் பிடித்த பிறகும் நான் திரும்பிப் போகவில்லை.

மிச்சம் உனக்குத் தெரியும். றோஸி அதைப் படம் எடுத்து, "அவசர ஜெபக் குறிப்பு" என்று வட்ஸ்அப் ஜெபக் குழுவில் போட்டாள். அடுத்த நாள் விடிய அறுபதுக்கு மேல் ஆமென், கும்பிடும் கைகள், அழும் முகங்கள். பின்னேரம் அது கல்கிசைக்குப் போய் உன் மாமியின் போனில் விழுந்தது, அவர் அந்தப் பதற்றத்தோடேயே மகன் ஹரிசனுக்குப் போன் எடுத்திருக்கிறார். பெற்ற தாய்க்குத் தெரிய முன்னம் ஊருக்குத் தெரிந்ததா என்று கேட்டாராம். ஹரிசன் உடுப்புப் பையோடு சிநேகிதன் உமாசுதன் வீட்டுப் பேஸ்மென்டுக்குப் போய்விட்டார் என்று நீ எனக்குச் சொன்னாய். அன்றைக்கு நீ அழவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "அப்பா, அவர் போயிட்டார். நீங்கள் இனி எங்களுக்காக ஜெபிக்காதேங்கோ" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாய். அதற்குப் பிறகு பன்னிரண்டு கிழமைக்கு மேலாகிறது.

அம்மா அதைக் குழுவில்தான் பார்த்தாள். "எனக்குச் சொல்லேல்லை, ஊருக்குச் சொல்லியிருக்கிறியள். நான் என்ன, இந்த வீட்டில வாடகைக்கே இருக்கிறன்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு சமைக்கிறாள், சாப்பாட்டை வைக்கிறாள், மாத்திரையை எடுத்து வைக்கிறாள், தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லை. இரவு எட்டு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்யும் குடும்ப ஜெபம் நின்றுவிட்டது. அவள் சமையலறையில் ஒரு ஸ்டூலில் இருந்து தனியே ஜெபிக்கிறாள், நான் ஹோலில் இருக்கிறேன். நடுவில் ஒரு திரைச்சீலைதான்.

றோஸிக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். பழி முழுவதும் அவள் மேல் விழுந்தது. இன்னொருவருடைய துண்டை எடுத்துப் போட்டவள் என்று எல்லாரும் ஏசி, குழுவின் பொறுப்பிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். என்னிடம் வந்து, "அண்ணை, நான் நல்லதுக்குத்தானே போட்டனான், அறுபது பேர் ஜெபிச்சால் பெலன்தானே எண்டு நினைச்சனான்" என்று அழுதாள். பரவாயில்லை றோஸி, மறந்து வைத்தது என் பிழை என்று நான் பெருந்தன்மையாகச் சொன்னேன். அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. போன புதன்கிழமைதான் அதைச் சரிசெய்யத் துணிவு வந்தது. துண்டு எழுதாமல் போனேன். என் முறை வந்ததும் ஜெபிக்காமல், அந்தத் துண்டை நான் மறக்கவில்லை, தெரிந்தே விட்டுவிட்டு வந்தேன், றோஸியில் பிழை இல்லை என்று சொன்னேன். மூலையில் இருந்த ஒருவர் அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினார், எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பாட்டு முடிந்த பிறகு றோஸி மெதுவாக, "அண்ணை, இதை ரெண்டு மாசத்துக்கு முந்திச் சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் நித்திரை கொண்டிருப்பன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்று எனக்குத் தேத்தண்ணீர் தரும்போது வழக்கம்போல சீனி குறைவா என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை ரெயில் ஏறிக் கல்கிசைக்குப் போனேன், அம்மாவிடம் மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு. பார், இன்னும் ஒரு பொய். உன் மாமி கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, "வாங்கோ, இண்டைக்கும் ஏதும் எழுதிக்கொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டார். நான் வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். இருக்கச் சொன்னார், இருந்தேன். "நீங்கள் என்ர பிள்ளைக்காக ஜெபிச்சனீங்களோ, இல்லாட்டி என்ர பிள்ளையைக் காட்டிக் குடுத்தனீங்களோ? அதை மட்டும் சொல்லுங்கோ" என்றார். இரண்டும் ஒரே தாளில் இருந்தது என்றேன். அந்தப் பதில் எனக்கே புரியவில்லை, ஆனால் அவர் தலையை ஆட்டினார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஆறு வருசமா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சாப்பிடாமல் இருந்தனான், உங்கட பிள்ளையின்ர பேரைச் சொல்லி. அவளில ஏதோ குறை எண்டு கடவுளுக்கே பாடம் எடுத்திருக்கிறன். இப்ப என்ன பேரைச் சொல்லுறது எண்டு தெரியேல்லை" என்றார். மன்னிப்புக் கேட்ட மாதிரியும் இல்லை, கேட்காத மாதிரியும் இல்லை. ஹரிசன் அவருடைய போனையும் எடுப்பதில்லையாம். போகும்போது, ஒரு சின்ன ஜெபம் செய்வோமா என்று வழக்கத்தில் கேட்டுவிட்டேன். "வேண்டாம். இண்டைக்கு வேண்டாம்" என்றார். அவர் சொன்னது சரி. வரும் வழியில் ரெயிலில் இடம் கிடைக்கவில்லை, கதவருகில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன், மழைச் சாரல் கண்ணாடியில் அடித்தது.

அன்றிலிருந்து இதையேதான் யோசிக்கிறேன். நான் படித்தவன், ஐம்பது வருடம் ஆராதனைக்குப் போனவன், எனக்கு ஜெபம் என்றால் என்னவென்று சரியாகத் தெரியாமல் இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரிப் பதிவு எழுதுவது போலவே ஜெபத்தையும் எழுதி வந்தேன். பெயர், நிலைமை, வேண்டுதல் என்று விபரம் சரியாக இருந்தால் மேலே வேலை சரியாக நடக்கும் என்று நினைத்தேன் போலும். கடவுளுக்கு அந்த அறிக்கையை நான் எழுதிக் காட்ட வேண்டுமா? அவருக்குத் தெரியாத எதுவும் அந்த மூன்றாம் வரியில் இல்லை. அப்படியானால் அதை யாருக்கு எழுதினேன்? றோஸிக்கு எழுதினேன். பெருமூச்சு விட்டவருக்கு எழுதினேன். கடவுளைப் பார்த்துக்கொண்டே பக்கத்துக் கதிரைக்குக் கதை சொன்னேன். றோஸியும் அதைத்தான் ஆறு வருடமாகச் செய்தாள், உன் மாமியும் செய்தார், ஆனால் அவர்கள் அறியாமல் செய்தார்கள், நான் அறிந்து செய்தேன். சிலுவைக்கு முந்திய இரவு கெத்செமனேயில் ஆண்டவர் கேட்டது கிடைக்கவில்லை, கேட்டுவிட்டு எழும்பிப் போனார் என்று ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு எத்தனை வருடம் சொல்லிக் கொடுத்திருப்பேன். அப்போதெல்லாம் அது ஆறுதலாக இருந்தது. இப்போது அதை நினைத்தால் பயமாக இருக்கிறது, ஏனென்றால் அவர் அங்கே யாரைப் பற்றியும் முறைப்பாடு செய்யவில்லை, கூட வந்து நித்திரையாகிப் போன சீஷர்களைப் பற்றிக்கூடப் பிதாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஜெபம் முடிந்தபோது மாறியிருந்தது அவர் எழும்பி நின்ற விதம் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. இது சரியான விளக்கமா என்று தெரியாது, போதகரிடம் கேட்கவும் கூச்சம். ஒன்று மட்டும் கொஞ்சம் விளங்குகிறது. இன்னொருவருக்காக ஜெபிக்கும்போது அவருடைய பெயரை எங்கள் வாயில் எடுக்கிறோம், அந்தப் பெயர் அவருடையது. அதை எடுக்க எனக்கு அனுமதி இருக்கிறதா என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

நீ ஜெபிக்காதேங்கோ என்று சொன்னாய். அதை நான் அப்படியே கடைப்பிடித்து வருகிறேன் மகள், இந்தப் பன்னிரண்டு கிழமையும் உங்கள் இருவரின் பெயரையும் ஜெபத்தில் சொல்லவில்லை. எட்டு மணிக்கு இருப்பேன், அம்மா, உறவினர், ஆஸ்பத்திரியில் கிடக்கும் வருத்தக்காரர், நாடு என்று ஒழுங்காகப் போய் உங்கள் இடம் வந்ததும் நின்றுவிடுவேன். சமையலறையில் அம்மா உங்கள் பெயரைச் சொல்வது திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் கேட்கும். அதற்கு ஆமென் சொல்லாமல் இருப்பது சுலபமாக இல்லை. நான் கேட்பது இதுதான். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, அதற்கு அவசரம் இல்லை. இந்தக் கடிதத்தை ஹரிசனிடம் காட்டலாமா கூடாதா என்பதை நீயே பார்த்துக்கொள், காட்டுவதானால் அவர் கேட்டால் மட்டும் காட்டு, இல்லாவிட்டால் கிழித்துப் போடு. அவர் உன்னிடம் திரும்பி வருவாரா என்று எனக்குத் தெரியாது, வருவார் என்று எழுத எனக்கு உரிமையும் இல்லை. வந்தால் எங்கே இருந்தீர்கள், ஏன் போன் எடுக்கவில்லை என்று ஒன்றும் கேட்காதே, சோற்றைப் போட்டு வை. அவரோடு கதைக்கும் நாள் வந்தால், அந்தக் கிழவன் உங்கள் பெயரை ஜெபத்தில் சொல்லலாமா என்று கேட்கிறான் என்று கேட்டுச் சொல். விபரம் ஒன்றும் சொல்ல மாட்டேன், பெயர் மட்டும்தான், தாளிலும் எழுத மாட்டேன். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். பதில் வராவிட்டால் அதையும் வேண்டாம் என்றுதான் எடுத்துக்கொள்வேன், அவருடைய இடம் வரும்போது இப்போது போலவே பேசாமல் இருப்பேன்.

அங்கே குளிர் மைனஸ் இருபது என்று செய்தியில் பார்த்தேன். தனியே இருக்கிறாய் என்பதற்காக இரவுச் சாப்பாட்டை விடாதே, வெறும் தேத்தண்ணீரோடு படுக்காதே. உன் பாஸ்போட் மார்ச் மாதம் முடிகிறது, இப்போதே விண்ணப்பித்து வை.

கடிதம் எழுதுகிறேன் என்று இன்று காலை அம்மாவிடம் சொல்லி, நான் செய்தது முழுவதையும் சொன்னேன், கல்கிசைக்குப் போனதையும் சொன்னேன். லிப்டடியில் நின்றதைச் சொன்னபோது அரிசி களைந்த கையோடு திரும்பி என்னைப் பார்த்தாள். ஏசவில்லை. "என்ர பேரில எழுதுங்கோ" என்று மட்டும் சொன்னாள். ஆகவே இது அம்மாவின் வரி, அவளை நீ தடுக்கவில்லை என்பதால் எழுதுகிறேன்: கர்த்தர் உன்னையும் ஹரிசனையும் காத்து, உங்கள் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக.

இதற்குக் கீழே வழக்கமாக நான் எழுதும் ஆசீர்வாதத்தை எழுதவில்லை. அதுவும் ஜெபம்தான், நீ சொல்லும் வரைக்கும் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.



இப்படிக்கு,
உன் அப்பா